மூன்று துளை வாள்

சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் எனக்குப் பகலில் தூக்கம் வராது. மகன் பள்ளிக்கூடத்தில், மனைவி வடலூர் ஜவுளிக்கடை வேலையில். குவார்ட்டர்ஸில் நானும் கம்ப்யூட்டரும்தான். "அந்தச் சனியனைத் தொட்டே, ஒயரைப் புடுங்கிடுவேன்" என்று மகனை ஓயாமல் திட்டுகிற நானே, கதவைச் சாத்திக்கொண்டு அவன் விளையாட்டில் பூதங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடுதான். அன்று கைகூடச் சரியாகக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டேன்.

மகனும் பக்கத்து பிளாக் கூட்டாளியும் சேர்ந்து ஒரே வீரனை வளர்த்தார்கள். அவனிடம் மூன்று துளை வைத்த வாள் ஒன்று இருந்தது. துளைகளில் மந்திர எழுத்துள்ள கற்களைச் சரியான வரிசையில் பதித்தால் வாள் தீயாய் எரியும். தப்பாகப் பதித்தால் எல்லாம் வீண், திரும்ப எடுக்க முடியாது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. இரண்டு அரிய கற்களைப் பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டு, மூன்றாவதற்காகப் போன லீவு முழுக்க அலைந்திருக்கிறார்கள் பிள்ளைகள்.

என் கண்ணில் பட்டது காலித் துளைகள் மட்டும்தான். கன்வேயருக்கு போல்ட் மாட்டியே வயசான ஆள் நான். மைன்ஸில் ஒரு துளையைச் சும்மா விட்டால் ஃபோர்மேன் கிழித்துவிடுவார். கிடைத்ததை மாட்டி ஓட்டு, சரியானது வந்ததும் மாற்றிக்கொள், அதுதான் எங்கள் பழக்கம். அந்த இரண்டு கற்களையும், பக்கத்தில் கிடந்த ஏதோ ஒன்றையும் போட்டு அடைத்தேன். வாள் எரியவில்லை. கழற்றப் பார்த்தேன், வரவில்லை.

சாயங்காலம் மகன் திரையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். திட்டின வாயால் எப்படிச் சொல்வது? டிபன் கேரியரைத் துலக்குகிற மாதிரி நின்றுகொண்டேன். அதற்குள் வாசலில் கூட்டாளியின் சைக்கிள் மணி கேட்டது. மகன் மௌஸைக் கையில் எடுத்தான். என் கிரீஸ் விரல் அதில் அப்படியே பதிந்திருந்தது. சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தான்.

கூட்டாளி உள்ளே வந்து திரையைப் பார்த்தான். "எவன்டா போட்டது?"

"நான்தான்டா. கை தவறிடுச்சு."

"மெண்டலாடா நீ? இனிமே உன்கூட ஆட மாட்டேன், போ."

சைக்கிள் போய்விட்டது. மகன் கம்ப்யூட்டரை அணைத்தான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பகல்ல தூங்கியிருக்க மாட்டீங்க," என்றான் திரும்பாமலே. "நைட்டு டூட்டி இருக்குல்ல, போய்ப் படுங்கப்பா."

போய்ப் படுத்தேன்.