ராயப்பனுக்கு ஒரு பூசை

காரைக்குடியில் ஒரு கல்லூரி மியூசியத்தில் செத்த பிராணிகளைப் பாடம் செய்கிற வேலை சேசுராஜுக்கு. தோலை உரித்து, மருந்து தடவி, உள்ளே வைக்கோலும் பஞ்சும் திணித்து, கண்ணாடிக் கண் பதித்து அவர் நிறுத்தினால், பார்க்கிறவன் ஒரு எட்டுப் பின்வாங்குவான். கை அப்படி. ஆனால் ஊர்வாய் இருக்கிறதே! 'தோல் உரிக்கிறவர்' என்றுதான் சொல்லும். அதைச் சொல்லியே மகள் ஆரோக்கிய ஷீலாவுக்கு வந்த இரண்டு வரன்கள் தட்டிப்போயின.

1994-ல் மூன்றாவதாகக் காளையார்கோவிலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பெயர் மரிய ஜெரால்டு. இந்த முறை சேசுராஜின் மனைவி சகாயம்மாள் முந்திக்கொண்டாள்.

"மியூசியத்துல ஆபீஸர்னு சொல்லியிருக்கேன். நீங்க வாயத் தொறந்துறாதீக, புண்ணியமாப் போகும்."

தேதி குறித்த பிறகு ஒருநாள், மாப்பிள்ளையின் அப்பா இன்னாசி வாத்தியார் சொல்லாமல் கொள்ளாமல் மியூசியத்துக்கே வந்து நின்றார். நல்ல மனுஷன், அதுதான் வினை. லாரியில் அடிபட்டுச் செத்த நரி ஒன்றை மூன்று மாசம் உயிரைக் கொடுத்துச் செய்திருந்தார் சேசுராஜ். வாத்தியார் அதன் முன்னால் அசையாமல் நின்றார்.

"ஆத்தாடி! உசுரு இருக்குல்ல இதுல! யாரு சம்பந்தி செஞ்சது?"

'நான்தான்' என்ற சொல் தொண்டைவரை வந்தது. தட்டிப்போன இரண்டு வரன்களும் நினைவுக்கு வந்தன. மருந்து அரித்த விரல்களைப் பைக்குள் விட்டுக்கொண்டு, "ராயப்பன்னு ஒருத்தர். நம்ம பங்குக் கோவில் ஆளுதான். செத்துட்டாரு" என்றார்.

"அடப் பாவமே!" என்று வாத்தியார் அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சேசுராஜ் வீட்டில் இதைச் சொன்னபோது சகாயம்மாள் சிரித்தாள். நரியின் வாலை அப்பாவோடு உட்கார்ந்து சீவிவிட்ட ஷீலா சிரிக்கவில்லை.

அத்தோடு விட்டதா? கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னாருக்கு இன்னார் என்று கோவிலில் ஊரறிய ஓலை வாசிப்பார்கள். இரண்டாம் ஓலையன்று வாத்தியார் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். பூசையின் தொடக்கத்தில் சாமியார் வாசித்தார்:

"இறந்துபோன ராயப்பனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, இன்னாசி குடும்பத்தார் ஒப்புக்கொடுக்கும் பூசை."

சேசுராஜ் தலையைக் குனிந்துகொண்டார். எந்தப் பாவியாவது தன் கையைத் தானே இப்படிக் குழிதோண்டிப் புதைப்பானா! பெண்கள் பக்கத்திலிருந்து ஷீலா திரும்பி அவரையே பார்த்தாள். பிறகு ஓலையில் "சேசுராஜ் மகள் ஆரோக்கிய ஷீலா" என்று வந்தபோது அவர் தலை நிமிரவே இல்லை.

பூசை முடிந்து வாசலில் வாத்தியார் கேட்டார். "ராயப்பன் வீட்டாளுக யாரும் வந்திருக்காகளா சம்பந்தி? ஒரு வார்த்த பேசணும்."

ஷீலா முன்னால் வந்தாள். "ஒரு மக இருக்கு மாமா. நாந்தான். அந்த நரியச் செஞ்சது எங்கப்பா."

வாத்தியார் சேசுராஜின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தோல் உரிக்கிறத நான் கொறையா நெனச்சிருப்பேனா? இந்தக் கையக் கும்புட்டிருப்பேனே! உசுரோட இருக்கவருக்குப் பூசை வைக்க வச்சுட்டீகளே, ஐயா."

மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை.