வீடு சேராத நான்கு பேர்

பகல் ஷிப்டு முடிந்து பஸ்ஸில் கண்ணயர்ந்திருந்தேன். பக்கத்திலிருந்தவர் தட்டி எழுப்பி, "நம்ம கலியபெருமாள் அண்ணன் போயிட்டாருங்க. மாரடைப்பாம்" என்றார். என் நிறுத்தம் வந்தும் இறங்கத் தோன்றவில்லை.

நிலக்கரிச் சுரங்கத்தில், கரியைக் கொண்டுபோகும் பெல்ட்டுப் பிரிவில் என்னோடு பதினாறு வருடம் வேலை பார்த்தவர், முத்தாண்டிக்குப்பத்துக்காரர். அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புதிது புதிதாகக் கட்டம் போட்டு ஆடும் விளையாட்டுகளை உருவாக்குவார், தனியாகவே ஆடிப் பார்த்து.

முதன்முதலில் அவருடைய குவார்ட்டர்ஸுக்குப் போனபோது, காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு, சோடா மூடிகளை நகர்த்திக்கொண்டிருந்தார். நான்கு பேர் ஆட வேண்டிய ஆட்டம்; நால்வருக்கும் அவரே ஆடினார். ஒவ்வொரு முறையும் எழுந்து அடுத்த பக்கம் போய் உட்கார்ந்தார்.

"ஒரே எடத்துல ஒக்காந்துகினு ஆடக்கூடாதாண்ணே?"

"எடம் மாறுனாத்தான் தம்பி ஆளு மாறும். இங்க நான் அவசரக்காரன். அங்க போனா பயந்தாங்கொள்ளி."

விதி ஒன்று இடித்தால், அந்த நிமிடமே வேறொன்று வைத்துத் தொடர்வார்.

கடைசி மூன்று வருடம் ஒரே விளையாட்டுதான். ஷிப்டு முடிந்த நான்கு பேரும் வீடு சேர வேண்டும். நிற்கும் கட்டத்துக்கு ஏற்பக் களைப்பு, அதாவது புளியங்கொட்டை, சேரும். பத்து சேர்ந்தால் அந்த ஆள் தூங்கிவிடுவார். ஒருவர் தூங்கினாலும் நால்வருக்கும் தோல்வி.

"இன்னா பண்ணியும் வூடு வந்து சேர மாட்டேங்குறாங்க தம்பி. யாராவது ஒருத்தன் வழியிலயே சாஞ்சிடுறான். ஆஃப் அன்னிக்கி வாங்களேன், ஆளு வச்சு ஆடிப் பாப்போம்."

வருகிறேன் என்பேன். ஆஃப் நாளில் உடம்பு பாயை விட்டு எழாது. அவரும் அதே ஷிப்டு பார்த்தவர்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மறுநாள், "உங்களுக்கும் சேத்து நானே ஆடிட்டேன்" என்று சிரிப்பார்.

காரியம் முடிந்த மறுவாரம், அவர் மனைவி வளர்மதி அண்ணி கூப்பிட்டார். "அந்தத் தாள தூக்கிப் போட மனசு வரல தம்பி. ஒருவாட்டி ஆடிடலாம், வாங்க."

அண்ணி, அவர் மகள் கவிதா, என் மனைவி, நான் என்று நால்வர் உட்கார்ந்தோம். எனக்கு ஒன்பது கொட்டை சேர்ந்துவிட்டது. அண்ணி கையை நீட்டி, அதில் நான்கை எடுத்துத் தம் பக்கம் வைத்துக்கொண்டார்.

"அப்படி எடுக்கலாமாம்மா?" என்றாள் கவிதா.

"எடுக்கக்கூடாதுன்னு உங்கப்பா எழுதலியே. பாவம், தம்பி எம்மாம் களச்சிப் போயிருக்கு."

பிறகு ஆளுக்காள் கொட்டைகளை மாற்றி வாங்கிக்கொண்டோம். நான்கு மூடியும் வீடு சேர்ந்தன. மூன்று வருடம் நாலு பக்கமும் தனியே உட்கார்ந்து பார்த்தவருக்கு இது தோன்றவேயில்லை. ஒரே ஒரு ஆஃப் நாள் நான் போயிருக்கலாம்.

அண்ணி பேனாவைக் கொடுத்தார். தாளில் அண்ணன் எழுதிவைத்த விதிகளுக்குக் கீழே எழுதினேன்: ஒருவர் களைப்பை இன்னொருவர் வாங்கிக்கொள்ளலாம்.

தூங்குங்கள் அண்ணே. எல்லாரும் வீடு வந்துவிட்டோம்.