ஆரணியாற்றுப் பாலத்தில் ஒரு மிதி

கும்மிடிப்பூண்டி லோக்கலின் பெண்கள் பெட்டியில் தினமும் எனக்கு எதிரே ஒருத்தி உட்காருவாள். நாற்பது வயதிருக்கும். கம்பெனியின் நீலச் சட்டை, கொண்டையில் கனகாம்பரம், பெட்டியே திரும்பிப் பார்க்கிற குரல். பொன்னேரி தாண்டி ரயில் ஆரணியாற்றுப் பாலத்தில் ஏறியதும் சிலர் கும்பிடுவார்கள், சிலர் ஆற்றில் காசு போடுவார்கள். அவள் மட்டும் ரயிலின் தரையை ஓங்கி ஒரு மிதி மிதிப்பாள். கால் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் ஆற்றில் வெள்ளம். சாலையில் பஸ் ஓடவில்லை. ரயில் பாலத்தின் மேல் ஊர்ந்தது. கீழே செந்நீர் சுழித்துக்கொண்டு ஓடியது. கும்பிட்டவர்கள் கூப்பிய கையை இறக்கவே இல்லை. அவள் வழக்கம்போல் மிதித்தாள்.

“சும்மா இரும்மா, எனக்கு உயிரே போகுது” என்றேன்.

“இன்னாத்துக்குக்கா பயம்? இந்தப் பாலத்துக்குப் போட்ட இரும்புத் தூலம் எங்க கம்பெனில செஞ்சது. நான்தான் கிரேன்ல தூக்கி லாரில வச்சேன். ஆத்துல தண்ணி வந்தா எங்கம்மா அக்கரைக்கு நாத்து நடப் போவ முடியாம பட்டினியா குந்திக்கினு இருக்கும். நான் அதே தண்ணி மேல டூட்டிக்குப் போய்க்கினு இருக்கேன், பாரு!”

மறுபடி மிதித்தாள். பக்கத்திலிருந்தவள் சிரித்துக்கொண்டே தானும் மிதித்தாள். பிறகு பெட்டி முழுக்க மிதித்தது. கரை ஏறும்வரை ஆற்றின் இரைச்சல் எங்கள் காதில் விழவே இல்லை.

பிறகு எனக்கு ஷிப்டு மாறிவிட்டது. அவள் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. பாலம் வந்தால் மட்டும் என் கால் சும்மா இருப்பதில்லை.