அறுத்தெறிந்த இறவாரம்

அந்த நாவலின் அட்டையில் ஒரு ஆசாரி நிற்கிறார். தொப்பை, கோணல் மீசை, இடுப்பில் சாராயக் குப்பி. பின்னால் ஒரு வீடு சரிந்து கிடக்கிறது. தோட்டத்து நடுவில் வீடு கட்டப் போன ஒரு அப்பாவிப் படிப்பாளியை ஊர் வேலைக்காரர்கள் படுத்திய பாட்டைச் சொல்லும் நகைச்சுவை நாவலாம். அப்பாவியாம்! எழுதிய பேராசிரியரின் அந்த வீட்டுக்குப் படம் வரைந்து, கடைசிவரை கூட நின்ற எஞ்சினியர் நான். அப்பாவி யாரென்று எனக்குத் தெரியும்.

சென்னையில் ஓய்வுபெற்று வந்தவர், அருமனைக்கு அப்பால் ரப்பர் தோட்டத்தில் இடம் வாங்கினார். ‘இயற்கையோடு வாழப்போகிறேன்’ என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். முதல் நாளே இயற்கை அவர் காலில் அட்டையாக ஏறியது. அட்டை இருப்பதை முன்கூட்டியே சொல்லவில்லை என்று என்மேல் பாய்ந்தார். திங்கட்கிழமை ஓட்டுக்கூரை என்பார், வியாழக்கிழமை கான்கிரீட் என்பார். கிணற்றுக்கு இடம் பார்க்க வந்தவரை நிறுத்திவைத்துத் தண்ணீரின் தத்துவம் பேசினார். அந்த மனுஷன் உள்ளங்கையில் நீரோட்டம் பார்க்கும் தேங்காயோடு அரை மணி நேரம் வெயிலில் நின்றார். இப்போது பேராசிரியர் திரும்பவும் சென்னையில்தான் இருக்கிறார். இயற்கையோடு வாழ்வது அங்கே வசதி போலும்.

கூரை வேலைக்கு வந்தவர் மூத்தாசாரி. எங்கள் பக்கம் வீட்டுக்கு அளவு சொல்லும் தலைமைத் தச்சரை அப்படித்தான் அழைப்போம். இவர் வெற்றிலைகூடப் போடாதவர். மேற்கே இறவாரத்தை, அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பை, மற்றப் பக்கங்களைவிட ஒரு முழம் கூட்டி இறக்கியிருந்தார். “சாரே, எடவப்பாதி மழை மேக்கேருந்து சாய்ச்சு அடிக்கும். இது இல்லேன்னா வெள்ளம் உள்ளதான் கெடக்கும்” என்று, ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையைக் காட்டிப் பேராசிரியரை எச்சரித்தார். பேராசிரியருக்கோ அதனால் மாடியில் எழுதும் அறையிலிருந்து அந்திச் சூரியன் தெரியவில்லை. அந்தியைப் பார்க்காமல் அவருக்கு எழுத்து வராதாம். அறுத்துத் தள்ளச் சொன்னார். மூத்தாசாரி மூன்று முறை மறுத்தார். நான்காம் முறை, “வீடு உமக்கா எனக்கா?” என்று பேராசிரியர் கேட்டதும், மரமறுக்கும் வாளை எடுத்து அறுத்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

மழை வந்தது. எழுதும் அறையில் கணுக்கால் அளவு தண்ணீர். நாவலில் அது எப்படி வருகிறது தெரியுமா? குடிகார ஆசாரி போதையில் அளவைத் தப்பவிட்டானாம். த்தூ! அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை வீசிவிட்டேன்.

இரணியலில் வீடு கட்ட மூத்தாசாரிக்கு வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்திருந்த ஒருவர், நாவலை வாசித்த பிறகு “பொறவு சொல்லுகேன்” என்று இழுக்கத் தொடங்கினார். மூத்தாசாரி என்னைத் தேடித் தக்கலைக்கு வந்தார். “மக்களே, நான் குடிச்சு நீ கண்டியா?” அவ்வளவுதான் கேட்டார்.

அந்த மாதமே தக்கலையில் நாவலுக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். மூத்தாசாரியைக் கையோடு கூட்டிப்போனேன். இரணியல்காரரும் முன்வரிசையில் இருந்தார். நாவலில் வரும் எஞ்சினியர் இவர்தான் என்று என்னை மேடையேற்றினார்கள். நல்லதாகப் போயிற்று என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அறுக்கச் சொன்னது சார்தான், மூத்தாசாரி மூன்று முறை மறுத்தார், அவர் குடிப்பவரே அல்ல. அதைச் சொன்னதும் அரங்கம் வெடித்துச் சிரித்தது.

நான் வாசிக்காமல் விட்ட பக்கங்களில் ஒரு அசட்டு எஞ்சினியர் வருகிறானாம். ஆசாரி குடிப்பவரே அல்ல என்று போகிற இடமெல்லாம் சத்தியம் செய்கிறானாம். அவனை நடித்துக் காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். “உண்மையாகத்தான் சொல்கிறேன்!” என்று கத்தினேன். சிரிப்பு இன்னும் கூடியது. இரணியல்காரர் பக்கத்து ஆளின் தொடையில் தட்டிச் சிரித்தார். பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்துவந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்தக் கையைத் தட்டிவிடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

வெளியே பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். மூத்தாசாரி, “இதுவரைக்கும் பொஸ்தகம் வாசிச்சவன்தான் சிரிச்சான் மக்களே. இனி வாசிக்காதவனும் சிரிப்பான்” என்றார். அருமனை பஸ் வந்தது. அவரை வீடுவரை கொண்டுவிடலாம் என்று நானும் படியில் கால் வைத்தேன்.

“நீ ஏறாண்டாம்” என்றார். “ஆளுவ நம்மள ஒண்ணாப் பாத்தா, இன்னும் சிரிப்பாவ.”