பொட்டு ஒட்டிய பட்டன்

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன். பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரிப்பேருக்கு வரும் பொருள்களின் மேல் ஒட்டும் சீட்டுகள்தான்: ‘சத்தம் இல்லை’, ‘ஒயரை எலி கடித்தது’. வீட்டுக்கு நாலு பேர் வந்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிற நான், நாலு பேர் படிக்கும்படி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய கீபோர்டு ஒன்றைப் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் வீடு மரக்காணத்தில், உப்பளத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. முன்னறையில் கணவர் மைக் செட் வாடகைக்கு விடுகிறார். பக்கத்து அறையில் நான் ரிப்பேர் வேலை பார்க்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் போர்டுகளில் ஈயத்தால் பற்றவைக்கும் சால்டரிங் வேலை செய்துகொண்டிருந்தேன். தொழில் அங்கே கற்றதுதான். வருகிறவர்களிடம் பேசுவது கணவர் வேலை. அவர் பேசுவதைக் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே நான் பொருளைப் பிரிப்பேன். இரண்டு பேருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

எங்கள் ஊர்க் காற்றில் உப்பு உண்டு. ஜன்னல் கம்பி, கதவுக் கீல், சைக்கிள் செயின் எதுவும் தப்பாது. பேட்டரி செல் போட்ட பொருளைச் சும்மா வைத்தால் செல் கசிந்து உள்ளே பச்சை பூத்துவிடும். அதனால் டார்ச்சோ ரேடியோவோ, கையில் எடுக்காத நாளில் செல்லைக் கழற்றி வைப்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் பழக்கம். வாசலில் செருப்பைக் கழற்றுவது போல யோசிக்காமல் கை போகும். கடைக்கு எது வந்தாலும் கணவர் முதலில் செய்வதும் அதுதான். கழற்றிய செல்களைப் போட ஒரு பிஸ்கட் டப்பாவே வைத்திருக்கிறார்.

போன கோடையில் ஒருநாள் காலை, அனுமந்தையிலிருந்து ஓர் அக்கா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். மீன் விற்கிறவர். பழைய புடவையில் சுற்றிய பெரிய சாமான் ஒன்றை ஆட்டோக்காரரும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்தார்கள்.

“பொணம் கனம் கனக்குது! என்னாக்கா இது?” என்றார் கணவர்.

“எங்க வூட்டுக்காரரோட கீபோர்டு தம்பி. அவரு பொணமாயி ரெண்டு வருசம் ஆவுது. இது இன்னும் உசுரோட இருக்குது, மெதுவா வை.”

அவர் கணவர் திண்டிவனத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்தவர். இரும்பை கிராமத்துப் பக்கம் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனதாம் அந்தக் கீபோர்டு. இப்போது வருகிற கீபோர்டுகள் ஏற்கெனவே பதிந்து வைத்த சத்தத்தைத்தான் எடுத்துக் கொடுக்கும். இது அந்தக் காலத்துச் சிந்தசைசர். சத்தத்தை அப்போதைக்கப்போது மின்சாரத்திலிருந்தே உண்டாக்கும். முகப்பில் வரிசையாக இருக்கும் பட்டைகளை மேலும் கீழும் தள்ளி வேண்டிய சத்தத்தை நாமே செய்துகொள்ளலாம். செய்ததை ஒரு பட்டனில் நிறுத்தியும் வைக்கலாம்.

அப்படி ஒரு பட்டனின் மேல் சிவப்பு ஒட்டுப்பொட்டு ஒன்று இருந்தது.

“அதை அமுக்கிட்டு எந்தக் கட்டையை வேணா தொடு. அவரே பண்ண சத்தம். நான் மீன் வித்துட்டு பஸ்ஸை வுட்டு எறங்குற நேரத்துக்குச் சோறு வடிச்சிட்டாருன்னா, நீளமா ஒருக்கா வுடுவாரு. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கேக்கும்.”

“கேக்கலன்னா?”

“மனுசன் தூங்குறான்னு அர்த்தம்.”

கீபோர்டைக் குழுவுக்கே கொடுத்துவிட வேண்டும் என்று அவர் சாகும்முன் சொல்லியிருந்தாராம். இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டது, மறுநாள் வேன் வருகிறது. அதற்குள் அந்த ஒரு சத்தத்தைத் தன் போனில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், அக்காவுக்கு அவ்வளவுதான். ஆனால் கொஞ்ச நாளாக அந்தச் சத்தத்துக்குள் ஏதோ ஒன்று நாய் மாதிரி அழுகிறது. “இதைச் சரி பண்ணிக் குடு. பஜார்ல வேலை இருக்குது, சாயந்தரம் வரேன்” என்று போய்விட்டார்.

பொட்டுப் பட்டனை அழுத்திக் கேட்டேன். கனமான சத்தம். அடியில் ஓர் அழுகை. வேறொரு பட்டனுக்கு மாற்றி ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டினேன். ஐந்து தடவை ஒழுங்காக வந்தது, ஆறாவது தடவை அழுதது. மறுபடி ஐந்து சரி, ஆறாவது அழுகை. வேறு கட்டையிலும் அதே கணக்கு. அப்படியானால் கட்டையில் பழுதில்லை. உள்ளே ஆறு பேர் முறை வைத்துப் பாடுகிறார்கள், அதில் ஒருவருக்குத்தான் உடம்பு சரியில்லை. உப்பளத்தில் பெண்கள் வரிசையாகக் கூடை சுமந்து போகும்போது, காலைச் சாய்த்து நடக்கிற ஒருத்தி சுற்றுக்கு ஒரு தடவை நம்மைக் கடந்து போவாள், அது போல. பொட்டுப் பட்டனில் மட்டும் ஆறு பேரும் சேர்ந்து பாடும்படி அவர் வைத்திருந்தார். அதனால் அதில் அழுகை எப்போதும் கேட்டது.

மூடியைத் திறந்தேன். ஒரே மாதிரி ஆறு ஐசி சில்லுகள் வரிசையாகச் சாக்கெட்டில் உட்கார்ந்திருந்தன. சத்தத்தை ஓடவிட்டு ஒவ்வொன்றையும் விரலால் லேசாக அழுத்தினேன். கடைசி ஐசியை அழுத்தியபோது அழுகை நின்றது. விரலை எடுத்ததும் திரும்ப வந்தது. கரண்ட்டை நிறுத்தி அதைப் பிடுங்கிப் பார்த்தால் கால்களில் பச்சை. வேறென்ன, உப்புக்காற்றுதான். பென்சில் ரப்பரால் கால்களைத் தேய்த்தேன், சாக்கெட்டை ஸ்பிரிட்டால் துடைத்தேன். அது காயட்டும் என்று சமையலைப் பார்க்க உள்ளே போனேன்.

திரும்பி வந்து ஐசியைச் செருகிக் கரண்ட் கொடுத்தேன். பட்டன் எதையும் தொடாமல், பட்டைகள் நின்ற நிலையிலேயே கட்டைகளை எத்தனை தட்டினாலும் அழுகை இல்லை. மனது லேசாக இருந்தது. பிறகு பொட்டுப் பட்டனை அழுத்தினேன். சீறல்தான் வந்தது. மற்றப் பட்டன்களிலும் அதே சீறல்.

கணவர் எட்டிப் பார்த்தார். “என்னாம்மா, எல்லாத்தையும் சரியாத்தானே மாட்டின?”

“மாட்டினேங்க.”

“உள்ள ஒரு செல்லு இருந்துச்சு பாரு, நீ சமையலுக்குப் போனப்ப அதைக் கூட நானே வெட்டி எடுத்துட்டேன். உனக்கு வேலை மிச்சம்.”

பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டினார். வட்டச் செல். கசிவே இல்லாமல் பளபளவென்று இருந்தது. கம்பெனியில் பில் போடும் மெஷினுக்குப் போர்டு செய்தபோது இதே மாதிரி ஒன்றை வைத்துச் சால்டரிங் வைத்திருக்கிறேன். கரண்ட் இல்லாத நேரத்திலும் மெஷின் எதையும் மறக்காமல் இருப்பதற்காக வைப்பது அது. பட்டன்களில் நிறுத்தி வைத்த சத்தமெல்லாம் இதை எடுத்ததும் போய்விட்டது என்று அவரிடம் சொன்னேன்.

“திருப்பி வெச்சா வந்துடாது?”

“வராதுங்க.”

“ஒருக்கா வெச்சுப் பாரேன்.”

வைத்துப் பற்றவைத்தேன். சீறல்தான்.

ஊர்த் திருவிழாவில் மைக்கைப் பிடித்தால் கீழே வைக்காத மனிதர், முன்னறைக்குப் போய், ஏற்கெனவே சுற்றி வைத்திருந்த ஒயரை அவிழ்த்து மறுபடி சுற்ற ஆரம்பித்தார். “அந்தக்கா வந்தா நீயே சொல்லிடும்மா” என்றார்.

அக்கா வந்தார். நான் முன்னறைக்குப் போனேன். அவர் முகத்தைப் பார்க்காமல் பிஸ்கட் டப்பாவைப் பார்த்தே சொன்னேன்: அழுகை சரியாகிவிட்டது, ஆனால் உள்ளே இருந்த செல்லை எடுத்துவிட்டோம், அதில் அந்தச் சத்தம் போய்விட்டது, திரும்ப வராது.

“எத்தை எடுத்தே?” என்று அவர் என் கணவரைக் கேட்டார்.

“செல்லுக்கா. கசிஞ்சிடுமேன்னு…”

“நாளைக்கு வண்டி வருது. இப்ப போன்ல நான் எத்தைப் புடிக்கிறது? உன் மூஞ்சியையா?”

அக்கா ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்தார். “அவரு போன அன்னிக்கே அவரு டார்ச்சுல இருந்த செல்லை நான்தான் கழட்டி வெச்சேன். வூடு நெறைய ஜனம், அழுவுது. என் கை அது பாட்டுக்குக் கழட்டுது” என்றார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. “காலையில நானும் அதைக் கேட்டேங்க்கா. நீங்க சொல்லச் சொல்ல நான் தள்ளிப் பாக்குறேன்” என்றேன்.

ஸ்பீக்கரை இணைத்துவிட்டுக் கணவர் தள்ளி நின்றார். நான் ஒரு பட்டையைத் தள்ளுவேன், கட்டையை அழுத்துவேன்.

“சளி புடிச்சாப்ல இருக்குது.” குறைத்தேன்.

“இவ்ளோ சட்டுனு வராது. எருமை எழுந்துக்கிறாப்ல மெள்ள வரும்.” தொடக்கத்தைத் தாமதமாக்கும் பட்டையை ஏற்றினேன்.

“இப்ப எருமை செத்துப் போச்சு.” இறக்கினேன்.

நெருங்கிப் போவது போல இருக்கும், பிறகு விலகிவிடும். அக்காவுக்கே குழப்பமாகிவிட்டது. திடீரென்று எழுந்தார். “நான் எங்க இதைக் கிட்டத்துல கேட்டேன்? எப்பவும் ரோட்டுல இருந்துதானே கேட்டிருக்கேன்! தம்பி, உன் போனைக் குடு.”

கணவரின் போனிலிருந்து என் போனுக்குக் கூப்பிட்டு, அதைக் காதில் வைத்தபடி உப்பளத்துப் பக்கம் நடந்தார். கணவர் பெட்டியைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார். எனக்குப் போனில் பேசுவதும் வராது. ஆனால் ஆள் கண்ணுக்குத் தெரியாதது உதவியாக இருந்தது.

“வுடு.” விட்டேன். “இன்னும் அடியில.” விட்டேன். “மூக்கால பேசுது, மூக்கை எடு.” எடுத்தேன். வேலை முடிந்து திரும்பிய உப்பளத்துப் பெண்கள், “யாரு வூட்டு கல்யாணம்?” என்று கேட்பது போனில் கேட்டது. “என் கல்யாணம்தான், போங்கடி” என்றார் அக்கா.

ஒரு பட்டையைக் கால் விரற்கடை அளவு இறக்கி, கட்டையை அழுத்திப் பிடித்தேன். போனில் காற்று மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. கையை எடுக்காமல் இருந்தேன்.

“வடிச்சிட்டாரு” என்றார் அக்கா. “அப்பிடியே வையி. இங்கேர்ந்தே என் போன்ல புடிக்கிறேன்.”

அது அந்தச் சத்தம்தானா, பக்கத்துச் சத்தமா என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. பொட்டுப் பட்டனிலேயே அதை நிறுத்தி வைத்து, மூடியை முடுக்கினேன். இருட்டுவதற்குள் அக்கா கீபோர்டோடு ஆட்டோ ஏறிவிட்டார்.

மறுநாள் அனுமந்தைக்கு வேன் வந்து கீபோர்டை எடுத்துப் போயிற்று. எங்கள் கடைக்கு ஒரு பழைய ரேடியோ வந்தது. செல்லைக் கழற்றட்டுமா என்று கணவர் கேட்டார். கழற்றச் சொன்னேன்.