செஃபலூவுக்குப் போகாத திங்கட்கிழமை

என் கணவர் வேலை செய்த உணவகத்துக்குத் திங்கட்கிழமைகளில் விடுமுறை. நான் வீட்டு வேலைக்குப் போகும் இடத்து இத்தாலிய அம்மாவும் அந்தத் திங்கள் ஊரில் இருக்கமாட்டேன் என்றார். மகளுக்குப் பள்ளி முடிந்திருந்தது. மூவருக்கும் சேர்ந்தாற்போல ஒருநாள் கிடைத்தது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"செஃபலூ போவம்," என்றேன். நாங்கள் இருக்கும் பலெர்மோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், இறங்கிக் கொஞ்சம் நடந்தால் கடல். பன்னிரண்டு வயது மகள் அப்போதே நீச்சலுடையை எடுத்துப் பையில் வைத்துவிட்டாள்.

"வேண்டாம். காஸ்தெல்புவோனோ போவம். மலை ஊர். கோட்டையிருக்கு," என்றார் அவர்.

எதைக் கேட்டாலும் "உமக்கு விருப்பமானதைச் செய்யும்" என்று விட்டுவிடுகிற மனிதர். பதினொரு வருடமாகப் நகரத்தின் பொலிதேயாமா பக்கத்து உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவர். கோட்டை பார்க்க ஆசைப்பட்டதாக ஒருநாளும் சொன்னதில்லை. நான் கடல் என்றேன், அவர் மலை என்றார். மூன்று நாள் இதே கதை. கடைசியில் அவர் குரலை உயர்த்தினார். அது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். நான் விட்டுக்கொடுத்தேன்.

திங்கள் காலை, கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை அவர் இஸ்திரி போட்டு அணிந்தார். பேருந்தில் கைத்தொலைபேசியை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே வந்தார். மகள் ஏதோ கேட்டது அவர் காதில் விழவில்லை. யாரிடம், எதில் மாட்டிக்கொண்டாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஊர்ச் சதுக்கத்தில் ஒரு பெண்மணி காத்திருந்தார். அவரைக் கண்டதும் என் கணவரின் நடை மாறியது.

"எங்கடை வேலையிடத்துச் சமையல்காரரின்ரை மச்சாள்," என்றார் என்னிடம். "வீட்டை ஒருக்காப் பாத்துப்போட்டுப் போகட்டாம்."

ஊரின் விளிம்பில், ஒலிவ மரங்களுக்கு நடுவே பெரிய வீடு. கூடத்தில் சக்கர நாற்காலியில் ஒரு முதியவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பெண்மணியின் தகப்பனார். மாடியில் ஓர் அறையைத் திறந்து, மகளைப் பார்த்துச் சிரித்தபடி பெண்மணி ஏதோ சொன்னார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, இது என்ரை அறையாம். ஏன் எனக்கு அறை?"

எனக்கு விளங்கிவிட்டது. விளங்காதவள் போல நின்றேன். பெண்மணியே சொல்லிக்கொண்டு போனார்: செப்டெம்பரிலிருந்து இங்கேயே தங்கலாம், என் கணவர் முதியவரையும் மரங்களையும் பார்த்துக்கொள்வார், நான் சமைக்கலாம். உங்கள் கணவர் சம்மதித்துவிட்டாரே என்றார்.

"நாங்கள் பார்க்கத்தான் வந்தோம், சிஞ்ஞோரா. குடிவர மாட்டோம்," என்று இத்தாலியனில் சொன்னேன். கணவரை முந்திக்கொண்டு நான் பதில் சொன்னது அதுவே முதல் தடவை. என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பேருந்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. நிறுத்தத்து வாங்கில் எங்கள் இருவருக்கும் நடுவில் மகள் உட்கார்ந்தாள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கேலாதோ?" என்றேன் அவரிடம்.

"கேட்டால் மாட்டன் எண்டிருப்பீர்."

"ஓம், மாட்டன் எண்டுதான் சொல்லியிருப்பன். அதுக்குப் பொய் சொல்லியே கூட்டிக்கொண்டு வாறது?"

அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். விரலிடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது. சில இடங்களில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. சில மாதங்களாக அவர் வீட்டிலும் கரண்டியால்தான் சோறு சாப்பிட்டார். வேலைத்தலத்துப் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

"சவர்க்காரத் தண்ணியிலை இனிக் கை வைக்கக் கூடாதெண்டு டொக்டர் சொல்லி ரெண்டு மாசம். சும்மா வேலையை விட்டால் இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவை என்னெண்டு புதுப்பிக்கிறது? வீசா இல்லாத ஆக்களாய் நிப்பமே? அதுதான் இதைப் பிடிச்சனான்."

நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் போகவில்லை. அழுகையும் வந்தது.

"அப்பா, நான் இஞ்சை வரமாட்டன்," என்றாள் மகள். "ஆனா நீங்கள் அந்த வேலைக்கும் போகவேண்டாம்."

அந்த வாரமே அவர் உணவகத்தை விட்டார். நான் பின்னேரங்களில் இன்னொரு வீட்டையும் எடுத்தேன். அவருக்கு ஐந்து மாதம் வேறு வேலை கிடைக்கவில்லை. பெர்மெஸ்ஸோ முடிகிற திகதியை நாட்காட்டியில் பார்க்கப் பயந்து அந்தத் தாளைத் திருப்பி வைத்திருந்தேன். அதற்கு மூன்று வாரம் இருக்கையில், பல்லரோ சந்தையில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் மொரீசியஸ்காரர் ஒருவர் அவரை ஒப்பந்தத்தோடு சேர்த்துக்கொண்டார். கைகள் ஆற ஒரு வருடம் பிடித்தது.

அந்த மலை வீட்டைப் பற்றி நாங்கள் பிறகு கதைத்ததில்லை. மாடி அறையின் ஜன்னலைத் திறந்தபோது வந்த காற்றும், கீழே நின்ற மரங்களும் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. அவர் முதலிலேயே கேட்டிருந்தால் ஓம் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.