ஈட்டியைக் கீழே வைக்காத ஆட்டக்காரர்கள்

என் கணவரும் அண்ணையும் தை மாதத்திலிருந்து முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்: முந்நூற்றிநாலு என்கிற சீட்டாட்டம். அதில் இருவரும் எப்போதும் ஒரே பக்கம். இவர் துரும்பை அவசரப்பட்டு இறக்கி ஆட்டத்தைத் தோற்க வைத்துவிட்டாராம். அன்று எழுந்து போன அண்ணை எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. வருகிற மாதம் மகளுக்குச் சாமத்தியவீடு, பூப்பு நீராட்டு விழா. தாய்மாமன் இல்லாமல் சடங்கு செய்வதா? எனக்கு நித்திரையே போய்விட்டது. அதனால் போன ஞாயிறு, கிரேக்கச் சாடிகள் பார்க்க என்று சொல்லி அண்ணையை டவுன்டவுன் அருங்காட்சியகத்துக்கு அழைத்தேன். இவரும் வருவார் என்று சொல்லவில்லை.

நானும் இவரும் எங்கள் ஊரான புரோசார்ட்டில் காலை 10.10 ரயிலில் ஏறினோம். இருபது நிமிடப் பயணம், பிறகு கால்மணி நேர நடை. அண்ணை தன் வீடு இருக்கும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து காரில் வந்து, நிறுத்த இடம் தேடி இருபத்தைந்து நிமிடம் சுற்றினார். வாசலில் இவரைக் கண்டதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போனதும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிட்டார்கள்.

செம்மண் நிறச் சாடிகளில் கறுப்பு வீரர்கள். ஒருவன் சிங்கத்தோடு மல்லுக்கட்டுகிறான், ஒருவன் இறந்த தோழனைத் தோளில் சுமக்கிறான். கடைசிச் சாடியின் முன் நான் நகராமல் நிற்க, இருவரும் என்னவென்று பார்க்க வந்தார்கள். அதில் இரண்டு வீரர்கள் குந்தியிருந்து காய் நகர்த்துகிறார்கள். ஈட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. எதிரி வந்துவிட்டான் என்று நடுவில் அத்தீனா தெய்வம் கையை உயர்த்தி எச்சரிக்கிறாள். விளக்கத்தை வாசித்துச் சொன்னேன்.

அண்ணை கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். "தெய்வமே வந்து நிண்டு கத்துது. ரண்டு பேரும் நிமிந்தும் பாக்கேல்லை."

"ஆட்டம் முக்கியமெல்லே," என்றார் இவர், சாடியைப் பார்த்தபடியே.

"ஓம். ஆனா இடப்பக்கத்தில இருக்கிறவன் அவசரக்காரன். உம்மை மாதிரி."

"அண்டைக்கு நான் இறக்காட்டி அவங்கள் வெட்டியிருப்பாங்கள், மச்சான்."

"வெட்டட்டுமன். அதைவிடப் பெரிய துரும்பு என்னட்டையெல்லோ இருந்தது."

குரல்கள் ஏற, காவலர் வந்து, "மெஸ்யூ, சில்வூப்ளே" என்று பிரெஞ்சில் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். நான் நடுவிலிருந்து மெல்ல விலகி நின்றேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு இருவரும் சண்டை பிடிப்பதைக் கேட்க அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: காரை வீட்டில் விடுங்கள், பதினொரு மணிக்கு முன் போய்விடுங்கள். சாடிகளுக்கு ஒரு மணிநேரம் காணும். எங்களுக்கு இரண்டரை ஆனது. பாதி நேரம் அந்தத் துரும்புக்கே போனது. கோபித்துக்கொண்டிருப்பவர்களை நேருக்கு நேர் இருத்திச் சமாதானம் பேசாதீர்கள். இருவரும் சேர்ந்து பார்க்க ஏதாவது ஒன்றின் முன் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

காரில் ஏறும்போதுதான் அண்ணை என்னிடம் சொன்னார்: "சாமத்தியவீட்டிலை மருமகளுக்குத் தண்ணி வாக்கேக்கை உடைக்கிற தேங்காயை நானே வாங்கிக்கொண்டு வாறன். உன்ரை மனுசனை விட்டால் அழுகலைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்."